அரைப்புள்ளியில் முடியாத கட்டளை

ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்று தன் கணக்கை டேட்டாபேஸில் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரைக்குடி வீடு ஒன்றுக்கு 200 கல் ஆர்டர். பில்லைப் பதிவு செய், இருப்பில் 200 கழி, மிச்சத்தைக் காட்டு. டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்க்யூஎல்லில் இந்த மூன்றையும் எழுதி, அரைப்புள்ளியால் (;) பிரித்து, ஒரே சரமாக, அதாவது ஒரே எழுத்துத் தொடராக, அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றும்.

சரி, ஒரு கட்டளை எங்கே முடிகிறது? அரைப்புள்ளி வரும் இடத்திலெல்லாம் வெட்டினால், பில்லின் குறிப்பில் 'நடுவில் சிவப்பு; ஓரம் பச்சை' என்று எழுதியிருந்தாலே போதும், மேற்கோளுக்குள் இருக்கும் அரைப்புள்ளியில் கட்டளை இரண்டாக உடைந்துவிடும். கமெண்ட்டுக்குள்ளும் (மனிதர் படிக்க எழுதும் குறிப்பு) அரைப்புள்ளி வரும், டிரிக்கருக்குள்ளும் (ஒரு மாற்றம் நடந்தால் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) வரும். அதனால் வெட்டும் வேலையை கட்டளையின் இலக்கணத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியான டேட்டாபேஸின் பார்சரிடம் விடுவதே சரி. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் இதை அழகாகச் செய்கிறது: முதல் கட்டளையை மட்டும் தயார் செய்து, மீதி எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடும். மீதி தீரும்வரை, நம் நிரலுக்காக டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி திரும்பத் திரும்பக் கேட்டால் போதும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் பிரிப்பது சர்வர். ஆனால் இந்த வசதி வேண்டும் என்று இணைப்பின்போதோ அதன்பின்னோ லைப்ரரி கேட்டிருக்க வேண்டும். பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; ஒவ்வொன்றிலும் 'இன்னும் இருக்கிறது' என்ற கொடி இருக்கும். அந்தக் கொடி இறங்கும்வரை எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும். பாதியில் விட்டுவிட்டு அடுத்த கட்டளையை அனுப்பினால், வரிசை தவறிவிட்டது என்று பிழை வரும்.

அதைவிட மோசமான சிக்கல் சத்தமே போடாது. பில் பதிவாகி, இருப்பைக் கழிக்கும் கட்டளை தோற்றுவிட்டால், அந்தப் பிழை இரண்டாவது பதிலில்தான் தெரியும். முதல் பதிலை மட்டும் பார்க்கும் நிரல் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே நினைக்கும். டிரான்சாக்ஷன் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற கட்டு) தொடங்காமல், ஒவ்வொரு கட்டளையும் தானாக கமிட் ஆகும், அதாவது உடனே நிரந்தரமாகும், நிலையில் இருந்தால், பில் நிற்கும், இருப்பு குறையாது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இப்படி விடாது. டிரான்சாக்ஷனைத் தொடங்கும் பிகின், முடிக்கும் கமிட் ஆகிய கட்டளைகளை நாமாக எழுதாதவரை, ஒரே சரத்தில் வந்த எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனாக எடுத்துக்கொள்ளும்; ஒன்று தோற்றால் முழுவதும் ரத்து.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. வாடிக்கையாளர் தட்டிய பெயரை அப்படியே சரத்தில் ஒட்டினால், மேற்கோளை மூடி, அரைப்புள்ளி போட்டு, அட்டவணையையே அழிக்கும் கட்டளையை ஒருவர் அதில் நுழைத்துவிட முடியும். மதிப்புகளைத் தனியாக அனுப்பும் முறையில் போஸ்ட்கிரெஸ் ஒரு கட்டளைக்கு மேல் ஏற்காது. பைத்தான் நிரல்மொழியின் எஸ்க்யூலைட் லைப்ரரியும் வழக்கமான அழைப்பில் ஒன்றுதான் வாங்கும். பலவற்றுக்கு வேறு அழைப்பு உண்டு, ஆனால் அதில் மதிப்புகளைத் தனியாகத் தர வழியில்லை. இந்தக் கெடுபிடியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பட்டறைக்கு என் யோசனை: டிரான்சாக்ஷனைத் தொடங்கி, மூன்றையும் தனித்தனியாக, மதிப்புகளைப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருப்பது தாமதம் என்றால், 2021-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 14-ஆம் பதிப்பின் சி மொழி லைப்ரரியில் பைப்லைன் முறை இருக்கிறது. கட்டளைகளைக் காத்திருக்காமல் வரிசையாக அனுப்பிவிட்டு, அப்புறம் பதில்களை அதே வரிசையில் வாங்கிக்கொள்ளலாம்.