டப்பாவைத் திறக்குமுன் பெயிண்டைப் பாருங்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் போன் செய்ததும் முதலில் கேட்பது, "எந்த வாக்ஸ் போட்டா நல்லா இருக்கும்?" என்றுதான். "உங்க வண்டியில இருக்கிறது என்ன பெயிண்ட்?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "மெரூன்." நிறம் சரி, நான் கேட்டது அதை அல்ல. அந்த மெரூன் லாக்கரா, எனாமலா? மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறதா? கம்பெனியில் அடித்ததா, நடுவில் யாராவது மறுபடி அடித்ததா? தேய்க்க இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் டப்பாவின் பக்கமே போக வேண்டும். வாக்ஸ் தப்பானால் துடைத்துவிடலாம். பாலிஷ் தப்பானால் போன பெயிண்ட் போனதுதான்.

இந்த இரண்டையும் "வாக்ஸ் பாலிஷ்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். செய்கிற வேலையோ நேர் எதிர். பாலிஷில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய உராய்வுத் துகள்கள் இருக்கின்றன. அவை பெயிண்டின் மேற்பரப்பைத் துளித் துளியாகச் சீவிச் சமப்படுத்துவதால்தான் பளபளப்பு வருகிறது. ரப்பிங் காம்பவுண்ட் இதே பாலிஷின் முரட்டு அண்ணன். வாக்ஸ் எதையும் சீவாது, மேலே ஒரு மெல்லிய படலமாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவே கிளேஸ் என்று ஒன்று உண்டு. அதில் எண்ணெய்தான் அதிகம், சீவுகிற குணம் இல்லை அல்லது மிகக் குறைவு.

கவனிக்க வேண்டியது கிளீனர் வாக்ஸ் வகையை. டப்பாவின் முகப்பில் வாக்ஸ் என்றுதான் பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே உராய்வுத் துகளும் இருக்கும். புதுக் காருக்கு அது பரவாயில்லை. பழைய பெயிண்டுக்கு மாதாமாதம் அதைப் போடுகிறவர், பாதுகாப்பதாக நினைத்துக்கொண்டு மாதாமாதம் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மட்கார்டின் மேல்விளிம்பில் ப்ரைமர், அதாவது நிறத்துக்கு அடியிலுள்ள பூச்சு, எட்டிப் பார்த்த பல வண்டிகளில் நான் கண்ட காரணம் இதுதான்.

எந்தக் காலத்துக் காரில் என்ன பெயிண்ட் இருக்கும் என்று ஓரளவு யூகிக்கலாம். 1920-களுக்கு முன்பு குதிரை வண்டிக்கு அடித்த வார்னிஷ் முறைதான், காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகும். 1923-ல் ட்யூபான்ட் நிறுவனத்தின் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்து, ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களில் ஏறியதும் அந்த வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. 1930-களில் ஆல்கிட் எனாமல் பரவியது, 1950-களின் பிற்பகுதியில் அக்ரிலிக் லாக்கர் வந்தது. நிறத்துக்கு ஒரு கோட், அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்ற இன்றைய முறை பரவலானது 1980-களில்தான். அதற்கு முந்தியவை பெரும்பாலும் சிங்கிள் ஸ்டேஜ், அதாவது நிறமும் மினுமினுப்பும் ஒரே படலத்தில்.

ஆனால் காரின் வயது வேறு, பெயிண்டின் வயது வேறு. 1950-களின் காராக இருக்கும், ரெஸ்டோரேஷன் செய்தவர் மேலே இன்றைய கிளியர் கோட் அடித்திருப்பார். அதனால் ஆர்.சி. புத்தகத்தை நம்பாமல் துணியை நம்புங்கள். டிக்கி மூடியின் கீழ்விளிம்பு மாதிரி கண்ணில் படாத ஓர் இடத்தைக் கழுவிக் காயவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் பட்டாணி அளவு மென்மையான பாலிஷ் எடுத்து, விரல் அகலத்துக்கு நாலைந்து முறை தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் சிங்கிள் ஸ்டேஜ். துணி வெறும் அழுக்காக மட்டும் ஆனால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. சில்வர் போன்ற மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜ் என்றால் துணியில் சாம்பல் கலந்த கறுப்பு ஏறும். அதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லாக்கரா எனாமலா என்று பிரிக்க இன்னொரு சோதனை உண்டு. காது குடையும் பஞ்சுக்குச்சியில் லாக்கர் தின்னரை ஒரு சொட்டு நனைத்து, மறைவான இடத்தில் ஒற்றினால், லாக்கர் உடனே பிசுபிசுத்துக் கரைந்து பஞ்சில் ஏறும். எத்தனை ஆண்டு ஆனாலும் கரையும். லாக்கர் காய்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டும்தானே, அதே கரைப்பான் திரும்ப வந்தால் அது இளகிவிடும். ஆல்கிட் எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவது, அப்படிக் கரையாது, சில சமயம் சுருங்கும். இந்தச் சோதனையை நடு பானெட்டில் செய்து பார்க்கும் ஆர்வக் கோளாறு வேண்டாம்.

அடுத்தது தடிமன். இன்றைய கார்களில் ப்ரைமரிலிருந்து கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி ஒன்று 70 மைக்ரான் அளவு என்றால் எவ்வளவு சொற்பம் என்று புரியும். பழைய காரில் அதிலும் பல ஆண்டுகளாகத் தேய்த்தது போக மீதி. பெயிண்ட் கேஜ் வாங்குவதோ கடன் கேட்பதோ நல்லது. அது காட்டும் எண் மொத்தத் தடிமன், அதில் நிறம் எவ்வளவு, ப்ரைமர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஒரே பானெட்டில் ஓர் இடத்தில் 110, பக்கத்தில் 60 காட்டினால், அந்த 60-ல் யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கிறார்கள். 1,000-க்கு மேல் காட்டினால் கீழே பட்டி இருக்கிறது. காந்த முறையில் அளக்கும் சாதாரண கேஜ் இரும்புத் தகட்டில் மட்டும்தான் வேலை செய்யும். அலுமினிய பாடிக்கு வேறு வகை வேண்டும், 1953-ல் வந்த முதல் கார்வெட் போன்ற ஃபைபர்கிளாஸ் பாடிக்கு அல்ட்ராசோனிக் வகை வேண்டும். கூர்மையான மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயிண்ட் அடிக்கும்போதே மெலிதாகத்தான் நிற்கும் என்பதால், மிஷின் எடுக்குமுன் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். சிங்கிள் ஸ்டேஜ் பெயிண்ட் வெயிலில் நின்று நின்று வெளுத்து, விரலால் தடவினால் சுண்ணாம்பு போல ஒட்டுகிற நிலையில் வரும். புற ஊதாக் கதிர் பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை உடைத்துவிட, நிறத்தூள் மட்டும் பிடிப்பில்லாமல் மேலே நிற்கிறது. இதைப் பார்த்ததும் காம்பவுண்டையும் பஃபிங் மிஷினையும் எடுப்பவர்கள்தான் அதிகம். மாலைக்குள் மின்னும், மறுக்க மாட்டேன். ஆனால் வறண்டு போன பெயிண்டில் காம்பவுண்ட் தேவைக்கு மேல் கடிக்கும். நல்ல பெயிண்டும் சேர்ந்தே போகும்.

அங்கே முதலில் தேவை எண்ணெய். மெக்வையர்ஸ் நம்பர் 7 என்ற உராய்வுத் துகள் இல்லாத பழைய கிளேஸை இதற்காகவே பலர் வைத்திருக்கிறார்கள், நானும்தான். ஒரு தேங்காய்ப்பூத் துண்டை மடித்து, கிளேஸைத் தாராளமாக எடுத்து, ஒரு பேனலை மட்டும் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். துண்டின் இழைகளே செத்த நிறத்தூளை உரித்தெடுக்கும். சில நிமிடத்தில் துண்டு காரின் நிறத்துக்கு மாறிவிடும். பிறகு மேலே இன்னும் கொஞ்சம் தடவி, ஓர் இரவு அப்படியே விட்டுவிட வேண்டும். நுண்துளை விழுந்த பெயிண்ட் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். காலையில் துடைத்தால் மெரூன் மெரூனாகத் தெரியும். தேவைப்பட்டால் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகும் மயிர்க்கீறல் உறுத்தினால், இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான ஃபோம் பேட், சுழன்றபடியே இடமும் மாறும் டூயல் ஆக்‌ஷன் மிஷின். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மிஷின் ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும், பழகாத கைக்கு அது வேண்டாம்.

இந்த எண்ணெய் வைத்தியம் கிளியர் கோட்டுக்குப் பலிக்காது, அது உள்ளே இழுக்காது. கிளியர் கோட் தோல் உரிவது போல உரிய ஆரம்பித்திருந்தால் எந்த பாலிஷும் எந்த வாக்ஸும் அதை ஒட்டவைக்காது. அதற்கு மறுபடி பெயிண்ட்தான். "ஸ்பெஷல் வாக்ஸ் இருக்கு சார், மறைஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், மறையும், அடுத்த மழை வரை.

சில்வருக்கு வருகிறேன். மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜில் அலுமினியச் செதில்களுக்கு மேல் காப்பாக எதுவும் இல்லை. தேய்க்கத் தேய்க்கச் செதில்களே வெட்டுப்படும், அந்தச் சாம்பல் கறுப்பு அதுதான். ஓர் இடத்தில் கொஞ்சம் கூடத் தேய்த்தால் மேகம் படர்ந்தது போலத் திட்டுத் திட்டாகிவிடும், பிறகு சரிசெய்ய வழியே இல்லை. நல்ல கழுவல், கையால் கிளேஸ், மேலே வாக்ஸ். அத்தோடு விட்டுவிடச் சொல்வேன்.

பழைய லாக்கரில் இன்னொரு சிக்கல், வெடிப்பு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், காய்ந்த குளத்து மண் போல மெல்லிய கோடுகள் ஓடும். அந்தக் கோடுகளுக்குள் வெள்ளை வெள்ளையாக எதுவோ அடைந்திருந்தால், முன்பு யாரோ போட்ட காம்பவுண்ட் உள்ளே காய்ந்து தங்கியிருக்கிறது. கறுப்புக் காரில் அது பத்தடி தூரத்திலேயே கண்ணைக் குத்தும், எடுக்கவும் சுலபத்தில் வராது. வெடித்த லாக்கருக்குத் தூள் கக்கும் காம்பவுண்டோ வெள்ளைக் க்ரீமோ ஆகாது. காய்ந்தாலும் வெள்ளை படியாத வகையாகத் தேடுங்கள். பாலிஷ் எண்ணெயை எடுத்துப் பார்க்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தெளித்துத் துடைப்பது புதுக் கார்களில் வழக்கம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் அதைச் செய்யாதீர்கள், ஆல்கஹால் அதை இளக்கக் கூடியது.

இப்போதுதான் வாக்ஸ். கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படியும் மெழுகு. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும், தேனீ மெழுகு 65-ஐத் தொடுமுன்பே உருகிவிடும். இயற்கை மெழுகுகளில் இவ்வளவு இறுக்கமானது அபூர்வம். செங்கல் துண்டு மாதிரி இருக்கும் அதை அப்படியே காரில் தடவ முடியாது. கரைப்பானும் எண்ணெயும் மற்ற மெழுகுகளும் சேர்த்துத்தான் பேஸ்ட் ஆக்குகிறார்கள். ஆகவே '100 சதவீத கார்னோபா' என்று போட்டிருந்தால், அதில் சேர்த்த கார்னோபா சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளுங்கள், டப்பா முழுக்க கார்னோபா என்று அல்ல. அந்த வாசகத்துக்காகப் பல மடங்கு கொடுத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பளபளப்பு பெரும்பகுதி கீழே செய்த வேலையில்தான் வருகிறது. சரியாகத் தயாரித்த பேனலில் சாதாரண வாக்ஸையும் விலை உயர்ந்த வாக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், எது எது என்று சொல்ல நானே தடுமாறுவேன்.

வித்தியாசம் தெரிவது எத்தனை நாள் நிற்கிறது என்பதில். கார்னோபா சில வாரங்கள், நிழலில் நிற்கும் காருக்கு இரண்டு மாதம் வரை. செயற்கை பாலிமர் சீலன்ட் பல மாதம். ஷெட்டில் நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் சிங்கிள் ஸ்டேஜ் காருக்கு கார்னோபா பேஸ்ட்தான் என் தேர்வு. தினமும் வெயிலில் நிற்கிறது, மறுபடி அடித்த கிளியர் கோட் என்றால் சீலன்ட். செராமிக் கோட்டிங்கைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கிளியர் கோட்டின் மேல் அது பிரமாதமாகவே வேலை செய்யும். பழைய அசல் பெயிண்டுக்கு நான் போடுவதில்லை. நாளைக்கு அதை எடுக்க வேண்டுமென்றால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்ப்பதற்கு அங்கே பெயிண்ட் இல்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது என்பதை வைத்து மயங்கவும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாகும்.

புதிதாக பெயிண்ட் அடித்த காருக்கு உடனே வாக்ஸ் கூடாது. உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பெயிண்டைப் பொறுத்து 30 முதல் 90 நாள் வரை பொறுக்கச் சொல்வார்கள், அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போடும் முறையில் பெரிய ரகசியம் இல்லை. புறங்கையை வைத்தால் பானெட் குளுமையாக இருக்க வேண்டும். வாக்ஸ் இருப்பதே தெரியாத அளவு மெல்லிசாகத் தடவுங்கள், தடித்துப் போட்டால் கூடுதல் காப்பு இல்லை, துடைக்கும் வேலைதான் கூடுதல். மங்கலாகக் காய்ந்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாகப் பளிச்சென்று விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் பொறுக்க வேண்டும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்ப எடுப்பது, தூசி படிந்த காரை வெறுந்துணியால் "சும்மா ஒரு தடவை" துடைப்பது, இந்த இரண்டிலிருந்துதான் முக்கால்வாசி மயிர்க்கீறல்கள் வருகின்றன.

எதைப் போட்டாலும் அதன் பெயரையும் தேதியையும் வண்டியின் ஃபைலில் எழுதி வையுங்கள். பல பாலிஷ்களில் சிலிகான் எண்ணெய் இருக்கிறது. என்றாவது ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், சிலிகான் ஒட்டியிருக்கும் இடத்தில் பெயிண்ட் விலகிக்கொண்டு சின்னச் சின்ன வட்டக் குழிகளாக நிற்கும், ஃபிஷ் ஐ என்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் பெயிண்டர் வாக்ஸ் ரிமூவரால் இரண்டு மூன்று முறை துணி மாற்றி மாற்றித் துடைத்த பிறகு எமரி போடுவார். தெரியாவிட்டால் எடுத்ததுமே எமரி போட்டு, அந்த எண்ணெயையும் கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிட்டுத்தான் ப்ரைமர் கன்னைக் கையில் எடுப்பார்.