கொறங்காட்டுப் பனங்காடையும் நாம் போடும் பூச்சி ஊசியும்

காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கத்துப் பட்டிகளுக்கு மாட்டு வைத்தியம் பார்க்கப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் மொட்டைப்பனைகளைத்தான் தேடும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமரங்களும் நிறைந்து, சுற்றிலும் கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில், பனையுச்சியில் அசையாது அமர்ந்திருக்கும் பனங்காடைப் பறவை, புல்லில் வண்டோ வெட்டுக்கிளியோ நகர்ந்த கணத்தில் நீலச்சிறகு விரித்து இறங்கும்.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடையின் எண்ணிக்கை 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துள்ளதாகக் கூறுகிறது. கொறங்காடு மனைகளாவதும், கூடு வைக்கப் பொந்து தரும் பட்ட பனைகள் வெட்டப்படுவதும் எல்லோருக்கும் தெரிகின்றன. தெரியாமல் நடப்பது சாணத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மூலனூரை அடுத்த ஒரு தோட்டத்துப் பெரியவர், "டாக்டருங்க, சாணி உருட்டற வண்டெல்லாம் இப்பக் காணமுங்களே" என்றார். அது என்னைக் குத்தியது. ஏனெனில் அவர் மாடுகளுக்கு உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்டு வந்தவன் நான்தான். அம்மருந்தின் பெரும்பகுதி சாணத்தின் வழியே வெளியேறுகிறது. ஊசி போட்டுச் சில வாரங்கள் வரை அச்சாணத்தில் இடப்படும் வண்டு முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் பிழைப்பது அரிது. வண்டு குறைந்தால் சாணம் மக்காமல் காய்ந்து கிடக்கும், புல்லுக்கு உரம் சேராது, பனங்காடைக்கு இரையும் இராது. இம்மூன்றையும் தனித்தனியாகவே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள்.

இப்போது சாணத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் புழுமுட்டை மிகுந்த மாட்டுக்கு மட்டுமே மருந்து தருகிறேன். புழு மட்டுமே சிக்கல் என்றால், வண்டுகளுக்குக் கேடு குறைந்த ஃபென்பெண்டசோல் போதும். உண்ணிக்காக ஐவர்மெக்டின் தவிர்க்க முடியாதபோது, அந்த மாட்டைச் சில வாரங்கள் கொறங்காட்டுக்கு ஓட்டாமல் கட்டுத்தறியிலேயே வைத்துத் தீனி போடச் சொல்கிறேன். மேய்ச்சலை நம்பிய வீட்டுக்கு அது சுமைதான் என்பதை அறிவேன். ஆகவே மழைக்குப் பின் வண்டுகள் பெருகும் நாட்களிலாவது இதைக் கடைப்பிடியுங்கள். வேலியோரத்து மொட்டைப்பனையை விறகுக்குக் கேட்டு வருவோரிடம், அதில் பொந்து இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள்.