ஒரே அணு கனமுள்ள தாளை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு கம்பி எவ்வளவு வலுவானது என்று பார்க்க வேண்டுமா? இரண்டு முனையையும் கவ்விப் பிடித்து, அறும்வரை இழுத்தால் போதும். கிராஃபீனை அப்படி இழுப்பது லேசில்லை, அது ஒரே ஒரு கார்பன் அணு கனமுள்ள (அதாவது தடிமனுள்ள) தாள், கவ்வுகிற இடத்திலேயே கிழிந்துவிடலாம்.

2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள், எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. சிலிக்கான் சில்லில் ஒன்று, ஒன்றரை மைக்ரோமீட்டர் அகலத்துக்கு வட்டக் குழிகளை வெட்டி, மேலே கிராஃபீனைப் போர்த்தினார்கள். பறையில் இழுத்துக் கட்டிய தோல் மாதிரி அது குழியை மூடி நின்றது. பசை எதுவும் கிடையாது, அணுக்களுக்கு இடையே உள்ள வான்டர்வால்ஸ் ஈர்ப்பே விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அணு விசை நுண்ணோக்கியின் (மிக நுண்ணிய ஊசியால் பரப்பைத் தொட்டு அளக்கும் கருவி) வைர முனையால் நடுவில் அழுத்தி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் ஆழம் கூடும் அளவுக்கே விசையும் கூடும், அது தாளில் ஏற்கனவே இருந்த இழுவிசையைக் காட்டுகிறது. இன்னும் அழுத்தினால் ஆழத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப விசை எகிறும் (ஆழம் இரட்டித்தால் விசை எட்டு மடங்கு), தாளின் உண்மையான விறைப்பு தெரிவது அங்கேதான். கடைசியில் தாள் கிழியும் விசையிலிருந்து அதன் வலிமையைக் கணக்கிட்டார்கள்.

விறைப்பு மீட்டருக்கு சுமார் 340 நியூட்டன் என்று வந்தது. இதை யங் குணகமாக, அதாவது பொருள்களின் விறைப்பை ஒப்பிட உதவும் வழக்கமான அளவாக மாற்ற தாளின் கனம் வேண்டும், ஆனால் ஓரணுத் தாளுக்குக் கனம் என்று எதைச் சொல்வது? கிராஃபைட்டில் அடுக்குகளுக்கு நடுவே உள்ள 0.335 நானோமீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள். அதால் வகுத்தால் 1 டெராபாஸ்கல், அதாவது எஃகைப் போல சுமார் ஐந்து மடங்கு. எங்கும் மேற்கோள் காட்டப்படும் இந்த எண்ணுக்குள் அப்படி ஓர் அனுமானம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

மின்சாரப் பக்கம் தொல்லை வேறு. இரண்டு முனைகளை வைத்து மின்தடையை அளந்தால், உலோகமும் கிராஃபீனும் தொடுகிற இடத்தின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் நான்கு முனைகள்: வெளி இரண்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பார்கள். உள் முனைகள் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாது என்பதால் தொடுதடை தலையிடாது. விடை 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்று வரும் (தாளின் ஒரு சதுரத் துண்டின் தடை, சதுரம் சிறிதோ பெரிதோ ஒன்றுதான்), இங்கே கனமே தேவையில்லை!

செங்குத்தாகக் காந்தப்புலம் வைத்தால் பக்கவாட்டில் ஹால் மின்னழுத்தம் தோன்றும். எத்தனை எலக்ட்ரான்கள் ஓடுகின்றன என்று அது சொல்லும், தடையோடு சேர்த்தால் அவை எவ்வளவு தடங்கலில்லாமல் ஓடுகின்றன என்பதும், அதாவது அவற்றின் இயங்குதிறனும் தெரியும். அதே 2008-ல், அதே கொலம்பியாவில், அடியிலிருந்த சிலிக்கான் ஆக்சைடைக் கரைத்து கிராஃபீனை அந்தரத்தில் நிறுத்தி இதை அளந்தபோது முதலில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. பிறகு தாள் வழியாகவே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்திச் சூடாக்கி, ஒட்டியிருந்த அழுக்கை விரட்டினார்கள். அதற்கப்புறம்தான் மிகக் குளிர்ந்த நிலையில் இயங்குதிறன் 2,00,000 சதுர சென்டிமீட்டர்/வோல்ட்-நொடியைத் தாண்டியது.