எஞ்சினுக்கு முன் கன்வெர்ட்டரைக் கணக்கிட வேண்டும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஊர்ந்தே பழகிய ஒருவர், தம் பழைய ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் வண்டி இழுக்கவில்லை என்றும் அதற்கு இன்னும் பெரிய எஞ்சினாகப் பொருத்திவிடலாம் என்றும் எண்ணுவது இயல்புதான். ஆனால் இந்தத் திட்டத்தை எஞ்சினிலிருந்து தொடங்கினால் கணக்கு தவறும். டயர் தரையைத் தொடும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கி எஞ்சினுக்கு வந்து சேர்வதே சரியான வழி.

எடுத்துக்காட்டாக, 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் 225 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், நின்ற நிலையில் அதை 2 மடங்காக்குகிறது. முதல் கியர் 2.8, கடினமான பாதையில் மெதுவாக இழுப்பதற்கான லோ ரேஞ்ச் கியர் 2.5, அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் 4.1 மடங்கு பெருக்குகின்றன. டயரின் ஆரம் 0.37 மீட்டர் என்றால், உராய்வு இழப்புகளை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, சக்கரங்களில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 34,900 நியூட்டன். நல்ல காய்ந்த தரையில் உராய்வுக் கெழு 0.8 என்று வைத்தாலும் அந்த வண்டியின் நான்கு டயர்களும் சேர்ந்து பற்றிக்கொள்ளக்கூடியது சுமார் 15,700 நியூட்டன்தான். அதாவது லோ ரேஞ்சில் இப்போதிருக்கும் எஞ்சினே டயர் தாங்குவதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது. சேற்றிலும் மணலிலும் திணறும் வண்டிக்குப் பெரிய எஞ்சினால் பயன் இல்லை. அங்கே குறை டயரில் இருக்கிறது. கியர்பாக்ஸ் விசையைப் பெருக்காத நேர் கியரில் நெடுஞ்சாலையில் போகும்போது கதை வேறு. அங்கே அதே எஞ்சின் தருவது 2,500 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு என்பதால், கூடுதல் விசை ஒவ்வொன்றும் ஓட்டுநருக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காமல் விடுவது கன்வெர்ட்டரை. எஞ்சினோடு சுழலும் பம்பு எண்ணெயை வீசுகிறது. எதிரே உள்ள டர்பைன் அதை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையைத் திருப்பிப் பம்புக்கே உதவியாக அனுப்புகிறது. விசை இரட்டிப்பாவது இந்தத் திருப்பத்தால்தான். வண்டியைக் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுற்று வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஸ்டால் வேகம் என்று பெயர். கன்வெர்ட்டர் உறிஞ்சும் முறுக்குவிசை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதால், 225 நியூட்டன் மீட்டருக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் நிற்கும் கன்வெர்ட்டரில் 324 நியூட்டன் மீட்டர் எஞ்சினைப் பூட்டினால் அது 2,400 சுற்றில் போய் நிற்கும். விசை 44 விழுக்காடு கூட, சுற்று 20 விழுக்காடு கூடுகிறது.

அந்த நிலையில் சக்கரம் அசைவதில்லை. எஞ்சின் தரும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது. முதல் எஞ்சினில் அது 47 கிலோவாட். இரண்டாவதில் 81 கிலோவாட். கியர்பாக்ஸில் 8 கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், பழைய எஞ்சின் அதை நொடிக்கு சுமார் 3 டிகிரியும் புதிய எஞ்சின் நொடிக்கு சுமார் 5 டிகிரியும் சூடேற்றும். முழு ஸ்டால் சாலையில் அரிது என்றாலும், மே மாத வெயிலில், ஏசி கண்டன்சரின் சூடான காற்று ரேடியேட்டர் மேல் பாய, எதிர்க்காற்றே இல்லாமல் மணலி சாலையில் விட்டுவிட்டு நகரும் வண்டிக்கு, கன்வெர்ட்டரின் வழுக்கல் சிறிதாக இருந்தாலும் அந்தச் சூடு வெளியேற வழி கிடைப்பதில்லை. ஆகவே எஞ்சினுக்குச் செலவிடும் முன் தனி ஆயில் கூலருக்கும் நல்ல மின்விசிறிக்கும் பணம் ஒதுக்குவது என் பார்வையில் கட்டாயம்.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாற நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் சில, எஞ்சின் எவ்வளவு பாரத்தில் உழைக்கிறது என்பதை இன்டேக் குழாயின் வெற்றிட அளவைக் கொண்டே அறிகின்றன. பாரம் கூடும்போது உள் எண்ணெய் அழுத்தம் கூடி, கிளட்ச் தகடுகள் இறுகப் பிடிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் அத்தகைய வெற்றிடம் இல்லை. வேறு ஏற்பாடு செய்யாமல் பூட்டினால் பாரத்தைப் பற்றிய செய்தி கியர்பாக்ஸுக்குத் தவறாகவே போய்ச் சேரும். 6,000 சுற்று பெட்ரோல் எஞ்சினுக்கு அமைத்த கியர் மாற்றம், 4,000 சுற்றோடு முடிந்துவிடும் டீசலுக்குப் பொருந்தவும் செய்யாது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ளவற்றில் எஞ்சினின் இசியூவும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) கியர்பாக்ஸின் இசியூவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பெரும்பாலும் வேலை தடைப்படுவது இங்கேதான்.

விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பூட்டிய நிலையில் ஓர் அச்சின் சக்கரங்கள் சேற்றில் சுழன்று, மற்ற அச்சு மட்டும் தரையைப் பற்றினால், விசை முழுவதும் அந்த ஒரே அச்சுக்குப் போகும். ஆக்சில் ஷாஃப்ட்டும் டிஃபரன்ஷியலின் பல்சக்கரங்களான கிரௌன் பினியனும் அதைத் தாங்க வேண்டும். டீசல் எஞ்சினின் கூடுதல் எடை முன் ஸ்பிரிங்கில் இறங்கும் என்பதையும், கடலோர உப்புக் காற்றில் நின்ற சேசிஸில் எஞ்சின் மவுண்டிங் வரும் இடம் துருப்பிடித்திருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர்களை எடைபோடும் எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பார்த்துக்கொள்வது எளிது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. பழுதான எஞ்சினை எடுத்துவிட்டு அதே வகை எஞ்சினைப் பொருத்துவதற்கும் ஆர்டிஓ அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

அதனால்தான் முதலில் செய்ய வேண்டியது ஸ்டால் சோதனை என்கிறேன். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய வண்டியில், எண்ணெய் அளவைச் சரிபார்த்து, வண்டி சூடான பிறகு, நான்கு சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, கைபிரேக்கையும் இழுத்து, முன்னால் ஆள் இல்லாத இடத்தில், தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க, ஐந்து நொடிக்குள் முடிக்க வேண்டிய சோதனை இது. சுற்று கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக நின்றால் எஞ்சின் தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் கெட்டிருக்கலாம். கூடுதலாக ஏறினால் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தகடுகள் வழுக்குகின்றன என்று பொருள்; அந்த வண்டியில் எத்தனை பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் தகடுகள்தான் இன்னும் விரைவாகக் கருகும்.