மெமொரபிலியா: நினைவுச் சின்னமா, நினைவுப்பொருளா?

சென்ற வாரம் தொலைக்காட்சிச் செய்தியில், ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர் ஒருவரின் ‘நினைவுச் சின்னங்கள்’ ஏலத்துக்கு வருவதாக வாசித்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, “ஐயையோ, அவர் எப்போப்பா போனார்?” என்று பதறிவிட்டார். அவர் நலமாகத்தான் இருக்கிறார். ஏலத்துக்கு வந்தவை அவருடைய மட்டையும் தொப்பியும் கையுறையும். மெமொரபிலியா என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்படித் தமிழ் எழுதுவதை எத்தனையோ முறை பொறுத்துக்கொண்டேன். இனி முடியாது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் மெமொராபிலிஸ் என்றால் நினைக்கத் தக்கது. அதன் பன்மை மெமொரபிலியா. ஆகவே ‘மெமொரபிலியாக்கள்’ என்பது பன்மைக்கு மேல் பன்மை. நினைக்கத் தக்க பேச்சும் செயலும்தான் முதற்பொருள்; சாக்ரடீஸைப் பற்றி கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதிய நூலுக்கு லத்தீனில் இதுதான் பெயர். இன்றைய ஆங்கிலத்தில், ஒரு மனிதரோடோ நிகழ்ச்சியோடோ உள்ள தொடர்புக்காகச் சேர்த்து வைக்கும் பொருள்கள்.

சரி, நினைவுச் சின்னம் ஏன் கூடாது? அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மாமல்லபுரத்துக் கோயில்களும் குடைவரைகளும் நினைவுச் சின்னங்கள். அதோடு சேரும் வினைகளைப் பாருங்கள்: எழுப்புகிறோம், நிறுவுகிறோம், திறந்து வைக்கிறோம். மட்டையை எப்படி எழுப்புவது?

காந்தியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில் கன்னியாகுமரியில் எழுந்த காந்தி மண்டபம் நினைவுச் சின்னம். மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கும் இரத்தக்கறை படிந்த துணி நினைவுப்பொருள். 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2,60,000 பவுண்டுக்கு ஏலம்போன அவரது மூக்குக்கண்ணாடியும் நினைவுப்பொருள். மண்டபத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஒரே சொல்லா? கேட்பவர் மனத்தில் எது வந்து நிற்கும்?

இன்னும் சிலர் ‘நினைவுப் பரிசு’ என்கிறார்கள். அது மேடையில் பொன்னாடையோடு கொடுக்கும் மெமென்டோ. பரிசு என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், பெறுபவர் ஒருவர் வேண்டும். 1986 கால்பந்து உலகக் கோப்பையில் கையால் கோல் அடித்த ஆட்டத்தில் மாரடோனா அணிந்த சட்டை, 2022இல் 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம்போனது. ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஒருவர் அவரோடு மாற்றிக்கொண்ட சட்டை அது. யாரும் யாருக்கும் பரிசளிக்கவில்லை. ‘மறக்க முடியாதவை’ என்று எழுதுபவர்களோ பொருளையே காணாமல் செய்துவிடுகிறார்கள். படிப்பவர் ஏதோ மலரும் நினைவுகள் என்று எண்ணிக்கொள்வார்.

அகராதியின் முதல் வரியைப் பார்த்து, நினைவு என்பதோடு கைக்குக் கிடைத்ததை ஒட்டிவிடும் அவசரம்தான் இதற்கெல்லாம் காரணம். பொருளைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் தவறவில்லை. மாநாட்டில் கொடுக்கும் சுவனீர் புத்தகத்துக்கு ‘விழா மலர்’ என்று பெயர் வைத்தார்களே, அதில் நினைவு என்ற சொல்லே இல்லை. ஆனாலும் யாருக்கும் குழப்பம் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த அளவு சிரமமாவது எடுத்துக்கொள்ள வேண்டாமா?

நினைவுப்பொருள் போதும். எளிதாக வாயில் வருகிறது, அம்மாவுக்கும் புரிகிறது. அப்புறம், பன்மையில் ‘நினைவுப்பொருள்கள்’ என்றே எழுதுங்கள். ‘பொருட்கள்’ பரவிவிட்டது உண்மைதான். ஆனால் கள் விகுதி சேரும்போது ளகரம் டகரமாகத் திரியத் தேவையில்லை.