டைரி, நாட்குறிப்பு, சான்று

ஜூன் 12 என்றால் டெல்டாக்காரர்களுக்கு மேட்டூர் அணை திறக்கும் நாள். குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று காத்திருக்கும் தேதி. 1942இல் அதே தேதியில் ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமிக்குப் பதின்மூன்று வயது நிறைந்தது. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நோட்டு ஒன்று பரிசாகக் கிடைத்தது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த இரண்டு ஆண்டுகளும் அவள் எழுதிவந்ததை நாம் டைரி என்கிறோம், சில சமயம் கதை என்கிறோம், சுயசரிதை என்றுகூடச் சொல்கிறோம். பின்னவை இரண்டும் பொருந்தாது.

'டைரி' ஆங்கிலம் வழியாக வந்த லத்தீன் சொல். மூலம் 'டியாரியும்', 'டியேஸ்' என்றால் நாள். ஆனால் அந்தச் சொல் முதலில் எழுத்தைக் குறிக்கவில்லை. அன்றாடம் அளந்து கொடுக்கும் உணவையும் கூலியையும்தான் குறித்தது. நெல்லைப் படியால் அளந்த ஊருக்கு இது விளங்காதா என்ன? பயணப்படியும் பஞ்சப்படியும் சம்பளப் பட்டியலில் இன்றும் இருக்கின்றன. 'தினப்படி' என்றால் அன்றாடம் என்றும் பொருள், அன்றன்றைக்குக் கொடுக்கும் காசு என்றும் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியதையும் 'தினப்படி சேதிக் குறிப்பு' என்றே சொல்வதுண்டு.

இன்றைய சரியான தமிழ் 'நாட்குறிப்பு'. நாள் + குறிப்பு. நாட்காட்டி போலவே ளகரம் டகரமானது. 'தினசரி' பத்திரிகைக்குப் போய்விட்டது. வெறும் 'குறிப்பேடு' என்றால் வணிகவியல் படித்தவருக்குப் பேரேட்டின் ஜோடியான கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல்லில் முக்கியமானது 'நாள்'. தன்வரலாறு எழுதுபவருக்கு முடிவு தெரியும். நாட்குறிப்பு எழுதுபவருக்கு மறுநாள்கூடத் தெரியாது. உரக்கடையில் இனாமாகத் தந்த டைரியில் 'நடவு ஆள் 12, டீச்செலவு தனி' என்று எழுதுகிற விவசாயி, கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16ஆம் தேதிப் பக்கத்தில் எத்தனை தென்னை சாய்ந்தது என்று குறித்திருந்தால் அதுவும் சான்றுதான். ஆன் கடைசியாக எழுதியது 1944 ஆகஸ்ட் 1. கைதானது ஆகஸ்ட் 4. அந்தக் கடைசிப் பக்கத்தில் இருப்பது தன் சுபாவத்தைப் பற்றிய ஒரு பெண்ணின் யோசனை, அவ்வளவே. மூன்று நாளில் என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதும் எவராலும் அந்த அறியாமையைக் கொண்டுவர முடியாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில், நாடு கடந்த அரசின் அமைச்சர் ஒருவர் போர்க்காலக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பத்திரப்படுத்தச் சொன்னார். அதைக் கேட்ட ஆன், பழைய பக்கங்களைத் தனித்தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். 1947இல் வெளியான நூல் இரண்டையும் கலந்து அவள் தந்தை தொகுத்தது. போலி என்று கிளப்பிவிட்டவர்களும் இருந்தார்கள். நெதர்லாந்தில் கையெழுத்து, தாள், மை எல்லாவற்றையும் சோதித்து, அவள் எழுதியதுதான் என்று உறுதிசெய்து, 1986இல் முதல் எழுத்தையும் திருத்திய எழுத்தையும் அச்சான வடிவத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். திருத்தியதால் சான்று பொய்யாகாது என்பதே என் கருத்து. எது என்றைக்கு எழுதியது என்று தெரிந்தால் போதும்.

சரி, 'சான்று' என்பதா, 'சாட்சி' என்பதா? பழந்தமிழில் இதற்குக் 'கரி' என்று பெயர். 'இந்திரனே சாலுங் கரி' என்கிறது குறள். இன்று கரி என்றால் அடுப்புதான் ஞாபகம் வரும், அதை விட்டுவிடலாம். கண்ட ஆளுக்குச் சாட்சி, அவர் எழுதிவைத்ததற்குச் சான்று என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. அப்புறம், எழுதப்பட்டது நாட்குறிப்பு. எழுதிய அந்த நோட்டு நாட்குறிப்பேடு.