பாசி நீக்கியா, பாசித்திரையா?

கொழும்பில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாயில் ‘பாசி நீக்கி’ என்றொரு சொல் புழங்குகிறது. பாசியைக் கொண்டு தொட்டி நீரைச் சுத்தமாக்கும் ‘அல்ஜி ஸ்கிரப்பர்’ (algae scrubber) கருவிக்கு யாரோ சூட்டிய பெயர். கேட்கும்போதெல்லாம் பல் கூசுகிறது. அந்தக் கருவி பாசியை நீக்குவதே இல்லை, வளர்க்கிறது.

பம்பி ஏற்றும் நீர், பீ.வீ.சி. குழாயில் வெட்டிய 6 மி.மீ. பிளவு வழியாக, சொரசொரப்பாக்கிய பிளாஸ்டிக் வலையின் இரு முகத்திலும் மெல்லிய படலமாக இறங்கும். இரு பக்கமும் 660 நனோமீற்றர் சிவப்பு எல்.ஈ.டி. வலையில் நூல்பாசி செழிக்கும். நீரில் கரைந்த ஊட்டங்களான நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் தின்றுதான் செழிக்கும். 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை வலையைக் கழற்றி, நன்னீரில் அலசி, சுரண்டி எறிந்தால் அத்தனையும் அதோடு வெளியேறும். தொட்டிப் பாறையில் படரும் பாசி பட்டினி கிடக்கும்.

‘ஸ்கிரப்’ ஒல்லாந்த மொழிப் பக்கத்துச் சொல், தேய்த்துக் கழுவுதல். ஆலைப் புகையைக் கழுவும் கருவியும் ஸ்கிரப்பர்தான். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்து விஞ்ஞானி வோல்டர் ஏடி 1982இல் காப்புரிமை பெற்ற கருவியிலும் பொருள் அதுவே: பாசியால் நீரைக் கழுவுவது. ‘பாசி’ பசுமைக்கு உறவு. குறுந்தொகை 399ஆம் பாட்டிலேயே கேணிப் பாசி தொட்டால் விலகி, விட்டால் படர்கிறது. பாடநூல்காரர் ‘அல்கா’ என்கிறார்கள். சுவரில் பிடிக்கும் பாசியோடு குழம்பக் கூடாதென்ற கவலை நியாயம்தான். ஆனால் நோன்பு துறக்கக் கடற்பாசி காய்ச்சுகிற வீட்டில் அல்கா என்றால் யாருக்கு விளங்கும்?

நீக்கிக்கு வருவோம். கறைநீக்கி, துருநீக்கி: முன்னால் நிற்பது ஒழியவேண்டிய பொருள். ஆகவே ‘பாசி நீக்கி’, பாசியை நீக்குவது என்று இரண்டாம் வேற்றுமைத் தொகையாகத்தான் காதில் விழும். பெயரை நம்பியவர் என்ன செய்கிறார்? முதல் வாரத்தில் வலையில் பழுப்புச் சளி படிந்ததும், பழுதாகிவிட்டதென்று பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்துவிடுகிறார். அந்தப் பழுப்புதான் முதற்படி; பச்சை அதன்மேல்தான் வரும். இன்னொருவர் பாசி பிடிக்காதிருக்க விளக்கை 4 மணித்தியாலமாகக் குறைக்கிறார். அதற்கு வேண்டியது 18. மூன்றாமவர், நீக்கி தன்பாட்டில் நீக்கட்டுமென்று மாதக்கணக்கில் தொடுவதில்லை. அடிப்பாசி ஒளியின்றி அழுகி, பெயர்ந்து, உறிஞ்சியதையெல்லாம் நீரிலேயே கக்குகிறது.

‘பாசி வடிகட்டி’ கொஞ்சம் தேவலை. மணலால் வடிகட்டும் மணல் வடிகட்டி மாதிரி, பாசியால் வடிகட்டுவது என்று படிக்கலாம். ஆனாலும் தேத்தண்ணி வடியில் சக்கை நிற்கும், சீனி நிற்குமா? நைத்திரேற்று சீனி மாதிரிக் கரைந்து கிடப்பது. ‘பாசி தேய்ப்பான்’ அகராதியைத் திறந்து, கருவியின் மூடியைத் திறக்காதவர் வேலை. கண்ணாடியைத் தேய்க்கும் காந்தத்துக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். காற்றுக்குமிழ் விட்டுக் கழிவை நுரையோடு பிரிக்கும் ஸ்கிம்மரைப் ‘புரத வடிகட்டி’ ஆக்கியதும் இதே கூட்டம்தான். அது நுரைவாரி, ஐயா. நுரையை வாரித்தானே கிண்ணத்தில் சேர்க்கிறது!

பாசித்திரை என்பதே சரி. தொங்கும் திரையில் பாசி. கண்ணால் காண்பதே பெயர். ‘திரை’ என்றால் அலை என்றும் பொருள். ஏடியின் கருவியில் வாளி நிரம்பிக் கவிழ்ந்து நீர் அலையாக அடித்ததால் அந்தப் பொருளும் பொருந்துகிறது. கோளாறு சொல்லவும் வசதி. திரையில் பாசி மஞ்சளாக, இறப்பர் போலப் பிடித்தால் நீர்வரத்துக் குறைவாக இருக்கலாம். பிளவு அடைத்திருக்கிறதா பாருங்கள். 1 செ.மீ. அகலத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 50 லீற்றர் வேண்டும், 20 செ.மீ. திரைக்கு 1,000. கறுத்து வழுக்கினால் ஊட்டம் அதிகம், ஒளி போதாது. நாளுக்கு உறையவைத்த தீனிக்கட்டி ஒன்று போடுபவருக்கு இருபக்க ஒளியோடு 75 சதுர செ.மீ. திரை போதும். மின்வெட்டில் பம்பி நின்றால் திரை காயும். அதைக் கழற்றித் தொட்டி நீருக்குள்ளேயே போட்டுவையுங்கள்.

கடையில் ‘பாசி நீக்கி’ என்று கேட்டுப் பாருங்கள்: கையில் வருவது போத்தல் மருந்து. அதில் செம்பு இருந்தால் இறாலும் நத்தையும் பவளமும் போய்விடும். மிச்சச் செம்பைப் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்ல விடும்.